சாவி இல்லாத ஜன்னல்

“உள்ள போங்கப்பா. கட்டில்ல படுங்க. கதவ நான் சாத்துறேன்.”

என் மகள் அபிகேல் இப்படிச் சொன்ன காலையில் முதல் கேபினுக்கு இன்னும் சாயம் அடித்திருக்கவில்லை. சுவர்ப் பலகைகளில் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகடு வெயில் ஏற ஏற டிக், டிக் என்று சத்தமிட்டது.

கோத்தா திங்கியைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சிற்றாற்றின் வளைவில் எங்கள் சபைக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. பள்ளி விடுமுறைகளில் இளையோர் முகாம் அங்கேதான் நடக்கும். பழைய தங்கும் கட்டடம் போன பிறகு, அந்த இடத்தில் ஆறு கேபின்கள் கட்டுவதற்கு பிளான் வரைந்தவன் நான். ஜொகூர் பாருவில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக எனக்கு அதுதான் வேலை.

அபிக்குப் பதினைந்து வயது. அன்று அவள் அங்கே வந்ததே பெரிய விஷயம். பல மாதங்களாக அந்தப் பக்கம் போகும் சாலைக்கே வர மறுத்திருந்தாள். காரை விட்டு இறங்கியவள் கேபினைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். படியேறவில்லை. பலகையைத் தொடவும் இல்லை. பிறகுதான் என்னை உள்ளே போகச் சொன்னாள்.

“எதுக்கும்மா?”

“நீங்கதானே வரைஞ்சீங்க. வெளிய வந்து காட்டுங்க.”

“முன்னாடி ஒரு கதவு இருக்கு, பின்னாடி ஒரு கதவு இருக்கு. ரெண்டுல எதையாவது...”

“ரெண்டு கதவுலயும் மரம் விழுந்துடுச்சு. இப்ப?”

ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மணியம் சிரித்தான். அவன் வெல்டர், எனக்குப் பள்ளித் தோழன். “பிள்ள கேக்குறது நியாயம் லா. போடா உள்ள,” என்று சொல்லிவிட்டு, பின்கதவைப் பிடித்துக்கொள்ளப் போனான்.

நான் உள்ளே போய்க் கீழ்க்கட்டிலில் படுத்தேன். மெத்தை வரவில்லை, வெறும் பலகை. அபி கதவைச் சாத்தினாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து இந்த வாரம் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். பழைய கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்று பிறகுதான் தெரிந்தது.

மெத்தையில் ஒரு தடம்

எங்கள் ஸ்கூடாய் வீட்டைப் பற்றிச் சென்ற வாரப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு மாசாயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “வீட்டில் மொத்தம் எத்தனை பூட்டுகள், சார்?” கேலியாகக் கேட்டாரா அக்கறையாகக் கேட்டாரா தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. வெளிவாசலுக்கு இரண்டு, முன்பக்கக் கம்பிக் கதவுக்கு ஒன்று, மீதி மற்ற இடங்களில். நம் தாமான் குடியிருப்புகளில் ஜன்னலுக்குக் கம்பி போடாத வீடு எது? வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுநாளே கம்பி போடுகிறவரைத்தான் கூப்பிடுகிறோம்.

ஆனால் நாங்கள் உடனே போடவில்லை. அபி தவழ்கிற வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பின்பக்க ஜன்னல் பிடுங்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் ரைஸ் குக்கரையும் கொண்டுபோயிருந்தார்கள். குக்கருக்குள் காலையில் ஆக்கிய சோறு இருந்தது. என் மனைவி மெர்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் அறைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

தொட்டில் மெத்தையின் நடுவில் ஒரு சப்பாத்துத் தடம். ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியவன் அதன் மேல்தான் கால் வைத்திருக்கிறான்.

மெத்தையைத் தூக்கிப் போட்டோம். தடம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும், யார் உள்ளே வர முடியும் என்றுதான் முதலில் பார்ப்பேன். அலுவலகத்தில் பிளான் வரையும்போதும் அப்படித்தான். உள்ளே இருப்பவர் எப்படி வெளியே போவார் என்பது சட்டத்துக்காக அளந்து குறிக்கிற ஒரு எண், மனத்தில் தங்காது.

அப்பா பெயரில்

முகாமின் பழைய தங்கும் கட்டடம் நீளமான பலகை வீடு. பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாதி, ஆண் பிள்ளைகளுக்கு மறு பாதி. நடுவில் சுவர். ஒவ்வொரு பாதிக்கும் ஒரே கதவு, அது முன் வராந்தாவில் திறக்கும். ஜன்னல்களில் கொசுவலை மட்டும்தான்.

அபி முதல்முறை முகாமுக்குப் போகும் வயது வந்தபோது, பெற்றோர் கூட்டத்தில் கையைத் தூக்கியவன் நான். பெண் பிள்ளைகள் படுக்கிற இடத்தில் ஜன்னல் இப்படித் திறந்து கிடக்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கம்பி போடும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், என் அப்பா தேவசகாயத்தின் நினைவாக இருக்கட்டும் என்றேன். கைதட்டினார்கள். நம்மவர்களுக்கு இது பழகிய விஷயம். மின்விசிறி கொடுத்தால் அதன் இறக்கையில் பெயர், கடிகாரம் கொடுத்தால் முள்ளுக்குப் பின்னால் பெயர். நேரம் தெரிகிறதோ இல்லையோ, கொடுத்தவர் தெரிவார்.

வரைந்தவன் நான், செய்தவன் மணியம். அளவெடுக்க வந்த அன்று மணியம் ஒன்று கேட்டான்.

“ஒரு ஜன்னலயாச்சும் தெறக்குற மாரி வைக்கலாமா? கீல் போட்டு, பூட்டு மாட்டி?”

“வேணாம். தெறக்குற எதையும் திருடன் தெறப்பான்.”

“சாவிய வார்டன்கிட்ட குடுத்துட்டா?”

“சாவி தொலஞ்சு போகும்டா. எல்லாத்தையும் சேத்து அடிச்சிரு.”

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டான். நான் சொன்ன வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. மெர்சியிடம் அதைத் திரும்பச் சொன்னது கூட நினைவிருக்கிறது.

மணியம் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். கம்பிகளைப் பலகையில் ஆணி அடித்து நிறுத்தாமல், உள்ளே இருந்த மரத்தூண்களில் போல்ட் போட்டு இறுக்கினான். நடு ஜன்னலின் கம்பியில் ‘தேவசகாயம் நினைவாக’ என்று ஒரு சின்னத் தகடும் வைத்தான். எங்கள் போதகர் ஜெபித்தார். அந்தக் கம்பிகளை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஓய்வு நேரம்

முகாமில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. எல்லாரும் கட்டிலில் இருக்க வேண்டும்; தூங்குகிறவர்கள் யாருமில்லை. அபியும் போயிருந்த ஒரு முகாமில், அன்று சமையலறையில் உதவுவது என் முறை. பெற்றோர் ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வருவதற்கு முன் காற்று வந்தது. ஜொகூரில் மதிய மழை புதிதில்லை. ஆனால் அந்தக் காற்றில் சமையலறைக் கூரைத் தகடு தூக்கித் தூக்கி அடித்தது. பிறகு ஒரு சத்தம். இடி என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், வராந்தா இருந்த இடத்தில் பச்சை இலைகள்.

பழைய டுரியான் மரம். வேரோடு சாய்ந்து பெண் பிள்ளைகள் பக்கத்து வராந்தாவின் மேல் படுத்திருந்தது. கதவு தெரியவேயில்லை. மின்கம்பியையும் அது இழுத்துக்கொண்டு விழுந்ததால், கதவுக்கு உள்பக்கம் இருந்த சுவிட்ச் பெட்டியில் தீப்பொறி பறந்து பக்கத்துக் கட்டில் மெத்தை புகையத் தொடங்கியிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் மட்டும்.

உள்ளே பதினொரு பேர். நான் நடு ஜன்னலுக்கு ஓடினேன். அபி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தவில்லை. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

“அப்பா, சாவி எங்க?”

நான் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, சாவிய எடுத்துட்டு வாங்க.”

“இதுக்குச் சாவி இல்லம்மா.”

“ஏன்?”

இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பல மாதங்கள் அவளும் மறுபடி கேட்கவில்லை.

புகை பலகை இடுக்குகளில் கசிந்து வெளியே வந்தது. ரப்பர் கருகிய நாற்றம். நான் இழுத்தேன், காலை வைத்து உதைத்தேன். வார்டன் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து நெம்பினார், கட்டை முறிந்தது. மணியத்தின் வேலை. அதன் ஒரு முனைகூட விடவில்லை.

அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் பாக் டின் என்ற மலாய்க்காரர். பக்கத்துக் குடியேற்றத்தில் வீடு. கிளை வெட்டுகிற மோட்டார் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். வந்தவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. “தெபி! தெபி!” என்று கத்தி எங்களை ஒதுக்கினார். உள்ளே இருந்த பிள்ளைகளையும் எதிர்ச் சுவருக்குப் போகச் சொன்னார். ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி வெறும் பலகைச் சுவரில் ரம்பத்தை வைத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. காலால் ஒரு உதை. பலகை விழுந்தது.

பதினொரு பேரும் அந்த ஓட்டை வழியாக வந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. மற்றவர்களுக்கு இருமல். பொம்பா தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அந்தப் பாதி நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். சுவரைக் காணோம். கம்பிகள் மட்டும் கரிந்த தூண்களைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பலகைச் சுவரை எந்தத் திருடனும் எப்போது வேண்டுமானாலும் உதைத்துத் திறந்திருக்கலாம். வரைகிறவன் நான், எனக்கு அது தோன்றவில்லை. ரம்பம் வைத்திருந்தவருக்கு ஒரு நொடியில் தோன்றியது.

பாக் டின் அந்தக் கம்பிகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது அவர் வீட்டுப் பின்னால் அவற்றின் மேல் பயற்றங்கொடி ஏறியிருக்கிறது. அப்பாவின் பெயர்த் தகடு இலைகளுக்கு நடுவே எங்கேயோ இருக்கிறது.

ஒரு ஜோடி சிலிப்பர்

அபிக்கு உடம்பில் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கதவு சாத்துவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் ஒரு சிலிப்பரைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகுவாள். குளியலறைக்கும் அப்படித்தான். ஒற்றைச் சிலிப்பருடன் வீட்டுக்குள் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டதற்கு, காற்றுக்காக என்று சொன்னாளாம்.

மெர்சி அதை ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. யாராவது சிலிப்பரை நகர்த்தினால் திரும்பச் செருகிவிட்டுப் போவாள். நான்தான் அபியிடம் பத்து முறை கேட்டிருப்பேன், “இப்ப பரவால்லயாம்மா?” என்று.

“அவள விடுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா, அத மொதல்ல பாருங்க,” என்றாள் மெர்சி ஒரு நாள்.

நான் நன்றாக இல்லை. அலுவலகத்தில் ஜன்னல் வரையும்போது கை நின்றுவிடும்.

இந்த நிலையில்தான் சாமுவேல் ஐயா வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், முகாம் குழுவின் தலைவர். சபை புதிதாகக் கட்ட முடிவு செய்திருந்தது. பிளானை நான் வரைய வேண்டும் என்றார்.

“முடியாது ஐயா. வேற யாரயாச்சும் கேளுங்க.”

“கேக்கலாம். நல்லாவே வரைவாங்க.” அவர் தேநீரை ஆற்றிக் குடித்தார். “கூட்டத்துல யாராச்சும் எழுந்து, ஜன்னலுக்குக் கம்பி போடணும்னு சொல்லுவாங்க. வரையிறவங்களும் சரின்னு போட்டுக் குடுப்பாங்க. நீங்க போட மாட்டீங்க, தம்பி. எனக்கு அது போதும்.”

எனக்கு முன்னால் கதவிடுக்கில் ஒரு நீலச் சிலிப்பர். அபி அறைக்குள் இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியாது. சரி என்றேன். அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு படுக்கக்கூடிய ஓர் அறையை வரைந்துவிட வேண்டும். எனக்கு அந்த வேலையில் வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு சமரசம்

ஆறு தனிக் கேபின்கள், ஒன்றுக்கு எட்டுப் பேர். ஆண்டுக் கடைசியில் ஆறு பொங்கும் என்பதால் தரை நிலத்திலிருந்து மூன்றடி உயரம், கான்கிரீட் கால்களில். எதிரெதிரே இரண்டு கதவுகள், வெளிப்பக்கம் திறப்பவை. சுவிட்ச் பெட்டி கதவருகே இல்லை. அருகில் பெரிய மரம் எதுவும் இல்லாத திடல். ஜன்னல் பலகை உள்ளிருந்து தள்ளினால் கொசுவலையோடு சேர்ந்து வெளியே திறக்கும். கம்பி இல்லை, பூட்டு இல்லை.

படத்தைச் சுவரில் ஒட்டினோம். பெற்றோர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ரூபி அக்கா முதலில் பேசினார். இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா; முகாமில் வார்டனாகவும் இருப்பவர்.

“பிரதர், கம்பி எங்க?”

“இல்ல, சிஸ்டர்.”

“பொம்பளப் பிள்ளைங்க படுக்குற எடம். யாராச்சும் உள்ள வந்துட்டா? அலமாக், ஆள விடுங்க, குரங்கே வரும்.”

“போன தடவ கையத் தூக்கி இதையே கேட்டவன் நான்தான், சிஸ்டர்.”

பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

ரூபி அக்கா விட்டுவிடவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. “சரி, கம்பி வேணாம். ஜன்னல ஒசரத்துல வைங்க. வெளிய நின்னு யாரும் எட்டிப் பாக்க முடியாத மாரி. சின்னதா வைங்க.”

இதற்குப் பலத்த ஆதரவு. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு ஏற்றினேன். அகலத்தைக் குறைத்தேன். பிள்ளைகள்தானே, மெலிந்தவர்கள், நுழைந்துவிடுவார்கள். அலுவலகத்தில் என் முதலாளி படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். விதிப்படி இரண்டு கதவுகள் இருந்தன. அது போதும்.

பெயர்த் தகடு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சாமுவேல் ஐயா முடித்துவிட்டார்.

மாட்டிக்கொண்டது

இப்போது அந்தக் காலைக்குத் திரும்பலாம். நான் வெறும் பலகையில் படுத்திருக்கிறேன். அபி முன்கதவைச் சாத்தினாள். பின்னால் மணியமும் சாத்தினான்.

பெரிய சத்தமில்லை. புதுமரம் சட்டத்தில் போய் உட்கார்கிற மெத்தென்ற சத்தம். ஆனால் என் காதுக்குள் எதுவோ அடைத்தது. ஜன்னல் பலகைகளும் சாத்தியிருந்தன. இடுக்குகளில் வெளிச்சக் கோடுகள். மரப்பிசினின் வாசனை. நான் இந்த அறையை ஒரு வருடமாகத் தாளில் மேலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஒருமுறையும் படுத்ததில்லை.

“வாங்கப்பா,” என்று வெளியே அபியின் குரல் கேட்டது.

எழுந்து போய் ஜன்னலைத் தள்ளினேன். எளிதாகத் திறந்தது. அடிச்சட்டம் என் நெஞ்சுக்கு வந்தது. ஏறுவதற்குக் கால் வைக்க எதுவுமில்லை. ஜன்னலை மறைக்கக் கூடாது என்று கட்டில்களைத் தள்ளிப் போட வைத்தவனும் நான்தான். கையை ஊன்றி எம்பினேன். இரண்டாவது முறை வயிறு சட்டத்தில் ஏறியது. தலையும் தோளும் வெளியே போயின. அதற்கு மேல் போகவில்லை.

கீழே பார்த்தேன். நிலம் ஏழடிக்குக் கீழே இருந்தது. நாலும் மூன்றும் ஏழு என்பதைத் தலைகீழாகத் தொங்கும்போதுதான் கூட்டினேன்.

“என்னடா, பாதிதான் வந்திருக்க?” என்று மணியம் கேட்டான்.

“ஏணி கொண்டாடா.”

“ஏணியா? அது பிளான்ல இல்லியே.”

அபி சிரிக்கவில்லை. எனக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். என் முகத்தில் ரத்தம் இறங்கியிருந்திருக்க வேண்டும்.

“அப்பா, ரூபி ஆன்ட்டி எப்படி வருவாங்க?”

நான் சட்டத்தில் கையை ஊன்றிப் பின்னால் நகரப் பார்த்தேன்.

“பத்து வயசுப் பிள்ள எப்படி ஏறும்? இவ்ளோ ஒசரம் ஏன் வச்சீங்க?”

மறுபடியும் அந்த ‘ஏன்’. இந்த முறை என்னால் ஓடவும் முடியாது.

“வெளிய இருந்து யாரும் பாத்துடக் கூடாதுன்னு பயந்தேன்மா,” என்றேன். “அந்தக் கம்பியும் அதுக்குத்தான். யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு மட்டும் யோசிச்சேன். நீ வெளிய வரணும்னு யோசிக்கல. அதான் சாவி வைக்கல.”

அவள் மணியத்திடம், “ஏணி கொண்டு வாங்க அங்கிள்,” என்றாள்.

அவன் அதற்குள் ஏணியோடு வந்துவிட்டான். சாத்தும்போது அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்த்து வைத்திருக்கிறான். இறங்கியதும் என் சட்டைப் பொத்தான்கள் இரண்டைக் காணோம். மணியம் என் முதுகைத் தட்டினான். “அப்ப நான் கேட்டேன். ஒரு தடவதான் கேட்டேன். இன்னொரு தடவ கேட்டிருக்கணும்,” என்றான். தீக்குப் பிறகு அந்தக் கம்பியைப் பற்றி அவன் பேசியது அன்றுதான், அவ்வளவுதான்.

ஜன்னல்களை மாற்றச் சொல்லிக் காண்ட்ரக்டருக்குத் தொலைபேசி செய்தேன். இரண்டு கேபின்களில் ஜன்னல் பொருத்தியாகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ரூபி அக்காவை நான் நேரில் போய்ப் பார்த்தேன். முகாம் பிள்ளைகளுக்காக அவர் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். தொங்கிய கதையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். “மாத்திடுங்க பிரதர்,” என்றார்.

சாத்துங்க

அடிச்சட்டம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. அகலம் கூடியது. கீழ்ப்பாதி கெட்டிப் பலகை. வெளியிலிருந்து எதுவும் தெரியாது. மேல்பாதி காற்றுக்கான சட்டங்கள். ஒரு தள்ளில் முழுவதும் திறக்கும். வெளியே, ஜன்னல்களுக்குக் கீழே கேபினைச் சுற்றி ஒரு பலகை நடை. பாக் டின் வந்து பார்த்துவிட்டு அதன் மேல் இரண்டு முறை குதித்தார். பிறகு ஒரு கட்டுப் பயற்றங்காயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முகாமுக்குப் பெயர் கொடுக்கும் தாள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிவிட்டது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அபி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் மாட்டியிருந்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். சாயம் அடித்திருந்தார்கள். மெத்தைகள் வந்திருந்தன, பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. மணியம் பலகை நடையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தான்.

நான் படியேறப் போனேன்.

“நீங்க இல்ல,” என்றாள் அபி.

அவள் படியேறினாள். மேல்படியில் நின்று ஒரு சிலிப்பரைக் கழற்றினாள். நான் கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொன்றையும் கழற்றினாள். இரண்டையும் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள்.

“சாத்துங்க.”

“நான் இங்கயே நிக்கிறேன்மா. கொஞ்சம் தெறந்து வச்சா...”

“சாத்துங்கப்பா.”

நான் சாத்தினேன். மணியம் எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினான். அதே மெத்தென்ற சத்தம். கைப்பிடியை நான் விடவில்லை.

உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெத்தையின் பிளாஸ்டிக் நொறுநொறுத்தது. படுக்கிறாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சாலையில் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

“அபி?”

“இருங்கப்பா.”

இருந்தேன். படியில் கிடந்த சிலிப்பர்களில் ஒன்றின் குதிகால் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடுக்கில் செருகிச் செருகித் தேய்ந்தது.

பக்கத்து ஜன்னல் பலகை வெளியே தள்ளிக்கொண்டு திறந்தது. அபி சட்டத்தில் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே பலகை நடையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

“வெளிய வரலயா?” என்றேன்.

“வரணும்னா வரலாம்ல,” என்றாள். “இப்ப வரல. படுக்கப் போறேன்.”

ஜன்னலைத் திரும்ப இழுத்து அவளே சாத்திக்கொண்டாள். மெத்தை நொறுநொறுத்தது. மணியம் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி என் பக்கம் நீட்டினான். அதை வாங்குவதற்காகத்தான் கைப்பிடியை விட்டேன்.